முதலில் என்ஜின் தூங்கட்டும்!

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: குடும்பச் சுற்றுலாவில் நிம்மதியான உறக்கம் விடுதி அறையிலா? வண்டிக்குள்ளா? ‘வண்டிக்குள்ளே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து இப்போதே கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும் என் இனிய நண்பர்களே! (சிரிப்பு) அரங்கம் நிறைந்த பெரியோர்களே! வீட்டில் கரும்பைக் கடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

எனக்கு முன் பேசிய அம்மையார், “கார்ல தூங்கினா கழுத்து வலிக்கும், உயிருக்கும் ஆபத்து” என்றார். கழுத்து வலிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. பழந்தமிழில் ‘தூங்குதல்’ என்றால் தொங்குதல். உறங்குவதற்குத் துயில், துஞ்சல் என்று வேறு சொற்கள் உண்டு. கூடு தொங்குகிறது, அதனால்தான் அது தூங்கணாங்குருவி. முன் சீட்டில் உட்கார்ந்தபடி தலை ஒரு பக்கம் தொங்கத் தூங்குகிறோமே, அதுதான் ஐயா அசல் பழந்தமிழ்த் தூக்கம்! (கைதட்டல்)

என் தாத்தா மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமக்காளத்தை விரித்திருப்பார். சந்தையிலிருந்து திரும்பும்போது தூங்கிவிடுவார். மாடு வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். மாட்டுக்கு வழி தெரியும். காருக்குத் தெரியாது! (சிரிப்பு)

பின்னிரவு 2 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பு தானாகவே உறக்கத்தைக் கேட்கும் நேரம். கண் சொருகும்போது, “இன்னும் 60 கிலோமீட்டர்தாங்க, ரூமுக்கு முன்பணம் கட்டியாச்சு, ஓட்டுங்க” என்று விரட்டுவது எது? எதிரணியினர் புகழ்கிற அந்த விடுதி அறைதான்! ஓரங்கட்டிப் படுக்கத் தெரிந்தவனுக்கு அந்த அவசரம் இல்லை.

சரி, உயிருக்கு ஆபத்து என்றாரே அம்மையார், அதற்கு வருகிறேன். அதை மறைத்துவிட்டு வாதாடினால் நான் வாத்தியார் இல்லை. நானே மாட்டிக்கொண்டவன்.

சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விடுமுறை. நான், என் மனைவி, மகள், மைத்துனர் நால்வரும் ஊட்டிக்குப் போனோம். எங்கும் அறை கிடைக்கவில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். தை மாதக் குளிர். புல்லின் மேல் உறைபனி விழுகிற காலம். “மாமா, புது வண்டி. ஹீட்டர் இருக்கு. கவலையே படாதீங்க” என்றார் மைத்துனர். சாலையோரம் ஒரு மண்மேட்டை ஒட்டி வண்டியைப் பின்பக்கமாக நிறுத்தினோம். கண்ணாடியெல்லாம் ஏற்றியாச்சு. என்ஜின் ஓடுகிறது. ஹீட்டர் வேலை செய்கிறது. தாய்மடி மாதிரி கதகதப்பு!

விடியற்காலை 4 மணி இருக்கும். யாரோ கண்ணாடியைத் தடதடவென்று தட்டுகிறார். டீக்கடை திறக்க வந்த பெரியவர். எழுந்திருக்கப் பார்க்கிறேன், தலை சம்மட்டியால் அடித்தது போல வலிக்கிறது. வயிற்றைப் புரட்டுகிறது. கதவைத் திறக்கக் கை ஒத்துழைக்கவில்லை. மகளை அவள் அம்மா உலுக்குகிறாள், கண் திறக்கவில்லை. பெரியவர்தான் அவளை வெளியே தூக்கிக் கிடத்தினார். காற்றுப் பட்டதும் மெல்ல முனகினாள். அந்த முனகல் சத்தம்தான் அய்யா, என் வாழ்க்கையிலேயே நான் கேட்ட இனிமையான இசை. (கைதட்டல்)

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். காரணம், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு ஒட்டிக்கொள்ளும். மூச்சு முட்டாது, திணறல் வராது. தூங்குகிறவன் தூங்கிக்கொண்டே போய்விடுவான். எங்கள் வண்டியில் புகை போகிற குழாய் மண்மேட்டில் முட்டிக்கொண்டிருந்தது. வாயு திரும்பி உள்ளே வந்துவிட்டது. அந்தக் குழாயோடு இருப்பதற்குப் பெயர் என்ன தெரியுமா? சைலன்சர்! சத்தத்தை அடக்குவது. நாங்கள் ஏமாந்திருந்தால் எங்களையும் அடக்கியிருக்கும்.

அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டார்: “ஏன் சார், நீங்க தூங்கறதுக்கு வண்டி எதுக்கு சார் முழிச்சிட்டிருக்கணும்?” முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு விடை தெரியவில்லை!

அன்று முதல் எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான். முதலில் என்ஜின் தூங்கணும், அப்புறம்தான் நாம தூங்கணும். “கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஏ.சி. போட்டுக்கலாமே” என்பார்கள். வேண்டாம். இறக்கிய கண்ணாடி, ஓடுகிற என்ஜினுக்குப் பரிகாரம் ஆகாது. குளிருக்கு கரியடுப்பை உள்ளே வைப்பதும் அதே எமன்தான்.

குளிரை எப்படித் தாங்குவது? என் மனைவி கண்டுபிடித்தாள். பின் சீட்டை மடக்கி, பள்ளத்தில் துணிப்பைகளை அடைத்துச் சமமாக்கி, அடியில் இரண்டு கம்பளி விரிப்பாள். குளிர் கீழிருந்தும் ஏறும் அல்லவா? தலைக்குக் குல்லா, காலுக்கு உறை. நம் மூச்சின் ஈரமே கண்ணாடியில் நீராகக் கோத்துக்கொள்ளும். அதனால் இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை இறக்கி, கொசுவலைத் துணி கட்டிவிடுவாள். சமதரையில் நிறுத்துவோம், சாலை விளிம்பில் ஒருபோதும் இல்லை, தூக்கக் கலக்கத்தில் வருகிற லாரிக்கு நாம் கண்ணில் பட மாட்டோம். வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கில் அனுமதி கேட்டு, மூக்கு வெளியே பார்க்க நிறுத்துவோம். சாவி கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். எங்கே இருக்கிறோம் என்று ஊருக்கு ஒரு போன். அவ்வளவுதான்!

நடுவர் அவர்களே! அதற்குப் பின் எத்தனையோ இரவுகள் அப்படித் தூங்கியிருக்கிறோம். காலையில் மகள் கண்ணாடி ஈரத்தைத் துடைத்துவிட்டு, “அப்பா, மலை தெரியுது!” என்பாள். அவள் எழுந்து பேசுவதைக் கேட்பதற்காகவே நான் முன்னதாக விழித்துக் காத்திருப்பேன். எந்த விடுதி அறை அந்த விடியலைத் தரும்?

ஆபத்து வண்டியில் இல்லை, ஓடுகிற என்ஜினில் இருக்கிறது. அதை அணைத்துவிட்டு, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு தூங்குங்கள்! (பலத்த கைதட்டல்) நிம்மதியான உறக்கம் வண்டிக்குள்ளே என்று தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன்.