பீப்பாயில் வளரும் பகை

 

மலைநாட்டுக் குளிருக்கு நுளம்பு வராது என்று நம்மிற் பலர் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பொய்த்துவிட்டது. 2017ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொழும்பில் உழைக்கும் நம் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் திரும்புகையில் இந்நோயையும் சுமந்து வரக்கூடும். வெள்ளை வரியுடைய கருநிற நுளம்பு அவர்களைக் கடித்துவிட்டால், லயம் முழுவதற்குமே ஆபத்து.

அந்நுளம்பு பிறப்பது எங்கே? நம் வாசலிலுள்ள தண்ணீர்ப் பீப்பாயிலும், அடைபட்ட கூரைப்பீலியிலுமே!

விஞ்ஞானம் இதற்கோர் ஆயுதம் தந்திருக்கிறது. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டையொன்றில் ஒரு பற்றீரியா கண்டெடுக்கப்பட்டது. பி.ரி.ஐ. என்பது அதன் சுருக்கப் பெயர். அது தன்னுள் புரதப் பளிங்கை ஆக்குகிறது. நுளம்புக் குடம்பி அதனை உண்டதும், காரத்தன்மையுள்ள அதன் குடலில் பளிங்கு கரைந்து, நஞ்சாகிக் குடற்சுவரைச் சிதைக்கிறது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குடம்பி மடிகிறது. மனிதர் இரைப்பையோ அமிலமுடையது. அந்நஞ்சு பற்றிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. ஆதலின், குடிநீர்ப் பாத்திரங்களிலும் உரிய அளவில் இதனை இட உலக சுகாதார நிறுவனம் இசைந்துள்ளது. புதுச்சேரியிலுள்ள நோய்க்காவிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையமும் இதனை ஆக்கும் முறையை வகுத்துள்ளது.

எனினும் இது மந்திரமன்று. பறக்கும் நுளம்பை இது கொல்லாது. வெயிலில் வலுவிழக்கும், திரும்பத் திரும்ப இடவேண்டும். குளிர்ந்த நீரில் குடம்பி குறைவாக உண்பதால், நம் மலைகளில் இதன் வேலை மந்தமாகும். ஆகவே, பயிற்சி பெற்ற கைகள் வேண்டும்.

அக்கைகள் யாருடையவை? தோட்டம் நிர்வாகத்தின் பொறுப்பு என்று அரசும், சுகாதாரம் அரசின் பொறுப்பு என்று நிர்வாகமும் கைகாட்டி நின்றால், இடையில் மடிவது தொழிலாளியின் குழந்தையன்றோ? நகரத்துத் தெருவிற்கு வரும் சுகாதாரப் பரிசோதகர் லயத்து வாசலுக்கும் வரவேண்டும். இது சலுகையன்று, உரிமை.

நம் கடமையும் உண்டு. வாரந்தோறும் பீப்பாயைக் கவிழ்த்து, முட்டை ஒட்டியிருக்கும் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவோம். துணியால் இறுக மூடுவோம்.

ஆனால், பீப்பாய் ஏன் வந்தது? குழாய் வராததால் வந்தது! வீட்டுக்கு வீடு குழாய் வரட்டும், பீப்பாய் போகும். பீப்பாய் போனால் நுளம்பின் தொட்டிலும் போகும். மருந்தையும் கேட்போம், தண்ணீரையும் கேட்போம்!