படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?

(நம் குடியிருப்போர் சங்க மாலைக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்: "பையன் ஓவியக் கல்லூரியில் சேரணும்னு அடம்பிடிக்கிறான். படம் வரைந்தால் சோறு கிடைக்குமா சார்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

மேடவாக்கம், சோழிங்கநல்லூர் தாண்டி அக்கரை போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இடதுபக்கம் திரும்பினால் ஈஞ்சம்பாக்கம். அங்கேதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். சென்னை அரசு ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் தொடங்கியது. அன்று அந்த இடம் வெறும் மணலும் சவுக்கு மரமும்தான்.

வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்குப் படத்தைவிடக் கணக்குதான் முதலில் கண்ணில் படும். நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க அன்றைய மதராஸில் ஆள் குறைவு. இவர்கள் பாத்திக் துணி போட்டார்கள். உருக்கிய மெழுகால் துணியில் வரைந்து சாயத்தில் தோய்த்தால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. அப்படிச் செய்த கைவினைப் பொருட்களை விற்ற பணத்தில் கடலோரம் சுமார் 10 ஏக்கர் வாங்கினார்கள். வீட்டுச் செலவைக் கைவினை பார்த்துக்கொண்டதால், வாங்குகிறவருக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று பயந்து வரைய வேண்டியதில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

கடலும் அவர்களைச் சும்மா விடவில்லை. தொடக்கத்திலேயே சேர்ந்த வேலு விஸ்வநாதன் பிறகு பாரிஸில் குடியேறினார். ஆனாலும் திரும்பி வந்து, இந்தியக் கடற்கரை நெடுகப் பயணம் செய்து ஊர் ஊராக மணல் சேகரித்தார். 'மணல்' என்றே ஒரு படமும் எடுத்தார்.

அதே சாலையில் தெற்கே போனால் கோவளம். அங்கே மீனவர் மூர்த்தி மேகவன் 2012-இல் சர்ஃபிங் பள்ளி தொடங்கினார். பலகையில் நின்று அலைமேல் போகிற விளையாட்டு. "இதெல்லாம் ஒரு பிழைப்பா?" என்று அங்கேயும் கேட்டிருப்பார்கள். இன்று அந்த ஊர் இளைஞர்கள் அதில் பயிற்சியாளர்களாகச் சம்பாதிக்கிறார்கள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு வேன் வைத்துச் சோழமண்டலம் போகலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். அருங்காட்சியகம் உண்டு, மரநிழலில் சிற்பங்களும் உண்டு. அந்த அம்மா பையனோடு வரவேண்டும். யாரிடமாவது பழைய பாத்திக் புடவை இருந்தால் எடுத்து வாருங்கள், பிள்ளைகளுக்குக் காட்டலாம்.