உப்புத் தண்ணீரும் கடின நீரும்



சொல்லாக்கம் பற்றிப் பேச வந்தவன் குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஒரு கலைச்சொல் மக்கள் வாழ்க்கையோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு, சில வேளைகளில் அகராதியைவிடக் குளியலறையும் அடுக்களையுமே ஏற்ற இடங்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட ஊர் சென்னை. எடுத்துக்கொண்ட சொற்கள் இரண்டு: பாடநூல் கூறும் 'கடின நீர்', வீட்டார் கூறும் 'உப்புத் தண்ணீர்'.

சென்னையில் அடைமொழி இல்லாமல் தண்ணீரைப் பற்றிப் பேச இயலாது. குடிநீர் வாரியம் தருவது 'மெட்ரோ தண்ணீர்'. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏறுவது 'போர் தண்ணீர்'. விலைக்கு வருவன 'லாரித் தண்ணீர்', 'கேன் தண்ணீர்'. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகளின் நீரோடு 1996 முதல் கிருஷ்ணா நீரும், 2004 முதல் வீராணம் நீரும், 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களின் நீரும் சேர்ந்துள்ளன. ஆயினும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் குளியலறைக் குழாயில் வருவது நிலத்தடி நீரே. குழாயில் வருவதனாலேயே அது வாரியத்தின் நீராகிவிடாது என்பதைப் புதிதாகக் குடிவருவோர் சில வாரங்களில் தாமே அறிந்துகொள்வர்.

எப்படி அறிவர்? சோப்பு நுரைக்காது, மாறாக வாளியின் ஓரத்தில் வெண்ணிறமாய் ஏடுபோல ஒன்று ஒட்டும். துவைத்த வெள்ளை வேட்டி பழுப்பேறும். தலைமுடி நார்போலச் சொரசொரக்கும். எவர்சில்வர் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தால், காய்ந்த துளி ஒவ்வொன்றும் வெண்புள்ளியாய் நிற்கும். தூவாலைக் குழாயின் கண்கள் ஒவ்வொன்றாய் அடைபடும். கீசரின் வெப்பக் கம்பியில் சுண்ணாம்புப் படிவு ஓடுபோலப் படிந்து, நீர் சூடாக நேரம் கூடி, மின்கட்டணமும் கூடும். பின்னொரு நாள் கம்பியே எரிந்துபோகும். எல்லாவற்றிற்கும் மேலாக, பருப்பு மலர வேகாது. நீரிலுள்ள கால்சியம் பருப்பின் செல்சுவரிலுள்ள பெக்டினை இறுகப் பிணைத்துவிடுவதே இதற்குக் காரணம். வேதியியல் படிக்காத பெண்கள் பருப்புக்கென்று ஒரு செம்பு நல்ல தண்ணீரைத் தனியே எடுத்துவைத்தார்கள். இல்லாதபோது ஆப்பச்சோடா ஒரு சிட்டிகை இட்டார்கள். இரண்டும் சரியான தீர்வுகளே.

நிலத்தடியில் செல்லும் நீர் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அவற்றின் அளவைக் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டுக் 'கடினத்தன்மை' என்கிறோம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிடத்து 600 வரை பொறுத்துக்கொள்கிறது. மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீர் 10 லிட்டர் கொண்ட ஒரு வாளியில் 3 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான உப்பு உண்டு. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 6 கிராம் சோப்பு வீணாகும். ஆகவே அந்த வாளி நீர் முழுவதும் நுரைக்கத் தொடங்குமுன் 18 கிராம் சோப்பு, அதாவது 100 கிராம் கட்டியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, அழுக்கைத் தொடாமலே போய்விடுகிறது. துணி துவைத்து வாழும் குடும்பத்துக்கு இது சிறிய கணக்கன்று.

இனி என் துறைக்கு வருகிறேன். இந்த நீரைச் சென்னைவாசிகள் 'உப்புத் தண்ணீர்' என்கிறார்கள். கரிக்கும் நீருக்கும் அதே பெயர். கரிக்காமல் படிவு மட்டும் விடும் நீருக்கும் அதே பெயர். சமையல் உப்பாகிய சோடியம் குளோரைடு மிகுந்த நீர் வேறு. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீர் வேறு. மக்கள் அறியாமையால் இரண்டையும் குழப்பினார்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சென்னை கடலோர நகரம். கடல்நீரில் சோடியத்தோடு மக்னீசியமும் மிகுதி. கணக்கிட்டால் அதன் கடினத்தன்மை லிட்டருக்கு 6000 மில்லிகிராமைத் தாண்டும். மீஞ்சூர்ப் பகுதியைப் போல, மிகுதியாக நீர் இறைத்ததனால் கடல்நீர் உட்புகுந்த இடங்களில் உவர்ப்பும் கடினமும் சேர்ந்தே வருகின்றன. சேர்ந்து வந்ததை ஒரு சொல்லால் குறித்தார்கள். பட்டறிவு அந்த அளவில் பிழையானதன்று.

சிக்கல் எழுவது கருவி வாங்கும்போது. விற்பனையாளர் பேனா போன்ற ஒரு மானியை நீரில் தோய்த்து, 'டி.டி.எஸ். 1200, பாருங்கள்' என்கிறார். அந்த மானி நீரின் மின்கடத்தும் திறனைக் கொண்டு, கரைந்த பொருள்களின் மொத்த அளவைக் கணித்துச் சொல்கிறது. கடினத்தன்மையை அது தனியே சொல்வதில்லை. வீட்டுக்காரர் கீசரைக் காக்க விரும்பி மென்மையாக்கி ஒன்றை மாட்டுகிறார். அது கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைத் தருகிறது. சோப்பு நன்றாக நுரைக்கிறது, படிவும் நின்றுவிடுகிறது. ஆனால் மானியில் எண் குறையவில்லை. இன்னும் சொன்னால் சற்றுக் கூடவும் கூடும். 'உப்பு போகவில்லை, ஏமாந்துவிட்டோம்' என்று அவர் வருந்துகிறார். அவர் மொழியில் உப்பு ஒன்றுதான். அவரிடம் அடுத்து விற்கப்படுவது எதிர்ச் சவ்வூடுபரவல் கருவி. அது எல்லா உப்பையும் பெருமளவு நீக்கும். ஆனால் வீட்டு அளவிலான பல கருவிகள் ஒரு குடம் நல்ல நீருக்கு இரண்டு மூன்று குடம் நீரைக் கழித்து வெளியே விடுகின்றன. தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பெயர்போன ஊரில் இது நடக்கிறது. அச்சமூட்டி விற்பதும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனமோ கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதனையும் விதிக்கவில்லை.

சுத்தம் செய்யும் முறையிலும் இந்தச் சொற்குழப்பம் தொடர்கிறது. குழாயில் படிந்தது 'உப்புக்கறை' என்பதால் கடைக்காரர் ஆசிட்டை எடுத்துத் தருகிறார். அது குழாயின் மேற்பூச்சையும் ஓடுகளின் இணைப்புச் சிமெண்டையும் தின்றுவிடுகிறது. 'சுண்ணாம்புக்கறை' என்று சொல்லியிருந்தால் எலுமிச்சையும் புளியும் நினைவுக்கு வந்திருக்கும். சுண்ணாம்பைப் புளிப்பு கரைக்கும் என்பது தமிழர் அறிந்ததே.

பாடநூலின் 'கடின நீர்' உதவியதா? வடமொழியில் அச்சொல்லுக்குக் கெட்டியானது என்று பொருள். இன்றைய தமிழில் அதன் முதற்பொருள் 'எளிதன்று' என்பது. கடினமான தேர்வு, கடினமான வேலை என்னும் வரிசையில் கடினமான நீரை வைத்து ஒரு மாணவன் என்ன விளங்கிக்கொள்வான்? ஆங்கிலமும் சீனமும் இந்நீரைக் கெட்டி என்றே குறிக்கின்றன. மலாய் மொழியில் 'ஆயர் லியாட்' என்பர். 'லியாட்' என்பது எளிதில் இணங்காத, மெல்ல முடியாத தன்மை. களிமண்ணுக்கும் அதே அடை. இவற்றுள் மலாய்ச் சொல்லே எனக்கு அழகாகப் படுகிறது.

இலங்கைப் பாடநூல்கள் 'வன்மை' என்பதை ஆள்கின்றன. அதனை நான் விரும்புகிறேன். தண்மையும் நீரும் சேர்ந்து தண்ணீர். வெம்மையும் நீரும் சேர்ந்து வெந்நீர். நன்மையும் நீரும் சேர்ந்து நன்னீர். இம்முறையில் மென்னீர், வன்னீர் என்னும் இணை தானே அமைகிறது. வல்லினம், மெல்லினம் கற்ற குழந்தைக்கு இந்த எதிர்மை புதிதன்று. ஆனால் 'உப்புத் தண்ணீர்' தவறு என்று கோடிட்டுத் திருத்தும் ஆசிரியருடன் நான் உடன்படமாட்டேன். கோயம்புத்தூரில் சிறுவாணி நீருக்கு ஒரு குழாயும் உப்புத் தண்ணீருக்கு ஒரு குழாயும் கொண்ட வீடுகளைப் பார்க்கலாம். அங்கே அச்சொல் எந்த நீர் எந்த வேலைக்கு என்று நாள்தோறும் பிரித்துக் காட்டுகிறது. கலைச்சொல் அதன் அருகில் வந்து அமரட்டும். அதனை எழுப்பிவிட வேண்டியதில்லை.

சிங்கப்பூர்க் குழாய்நீர் ஒப்பளவில் மென்மையானது. எனவே நம் மாணவர்கள் இந்நீரைக் கண்டிருக்க வாய்ப்புக் குறைவு. ஆசிரியர்கள் மூன்று புட்டிகளில் வாலைவடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றில் சிறிது சமையல் உப்பும், மற்றொன்றில் மருந்துக் கடையில் கிடைக்கும் எப்சம் உப்பும் கரையுங்கள். மூன்றிலும் சீவிய சோப்புத் துருவலை ஒரே அளவில் இட்டுக் குலுக்குங்கள். சலவைத்தூள் வேண்டாம், அதில் வேறுபாடு தெளிவாகத் தெரியாது. சமையல் உப்புப் புட்டி நுரைக்கும்; எப்சம் உப்புப் புட்டியோ நுரைக்காமல் வெண்மையாய்த் திரியும். மூன்று புட்டிகளுக்கும் மாணவர்களையே பெயர் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அவர்கள் எழுதும் பெயர்களை எனக்கு அனுப்பிவைத்தால் மகிழ்வேன்.