ஏற்றத்தில் திணறும் லாரி



இங்கே லாரி ஓட்டுபவர்கள் இருக்கிறீர்கள். கிளீனர் வேலை செய்பவர்களும் இருக்கிறீர்கள். நானும் கிளீனராகச் சேர்ந்தவன்தான். பிறகு ஓட்டுநர் ஆனேன். இப்போது மெக்கானிக்காக இருக்கிறேன். பழைய லாரி திணறினால் என்ன செய்ய வேண்டும்? அதைப் பற்றி இன்று பேசப் போகிறேன்.

திணறுவது என்றால் என்ன? ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறோம். வண்டி உடனே இழுப்பதில்லை. கொஞ்சம் தயங்குகிறது. வெட்டி வெட்டிப் போகிறது. சமதளத்தில் நாம் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. பாரத்தோடு மலை ஏறும்போது என்ன ஆகும்? வண்டி நின்றுவிடும். பின்னால் உருளும். பின்னே பஸ் வந்தால் பல உயிர்கள் போகும்.

1994-ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். அது மழைக்காலம். பம்பாயில் டேங்கை நிரப்பினோம். இரும்பு ஏற்றிக்கொண்டு நாசிக் போனோம். வழியில் கசாரா மலைப்பாதை வரும். அங்கே ஏறும்போது வண்டி திணறியது. பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. நான் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை போட்டேன். அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தோம். ஒன்றுமே நடக்காதது போல வண்டி ஓடியது!

நாசிக்கில் ஒரு பட்டறைக்குப் போனோம். "பம்பு போய்விட்டது" என்றார்கள். பம்பைக் கழற்றினார்கள். நாசில்களை மாற்றினார்கள். மூன்று நாள் போனது. ஓட்டுநர் அண்ணன் கடன் வாங்கிப் பணம் கட்டினார். பில்லில் என்ன எழுதியிருந்தது? அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எங்கள் இருவருக்கும் அப்போது படிக்கத் தெரியாது.

அடுத்த நடையில் அதே மலை. அதே திணறல். அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வயதான பஞ்சாபி ஓட்டுநர் ஒருவர் தன் லாரியை ஓரம் கட்டி வந்தார். அவர் எங்கள் பம்பைத் தொடவில்லை. நேராக டீசல் டேங்கின் மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. மூடிக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் காகிதத்தை உருவி என் கையில் கொடுத்தார்.

அதைக் கட்டியவன் நான்தான். மழைத் தண்ணீர் டேங்கில் இறங்கக் கூடாது என்று ஒவ்வொரு நடையிலும் கட்டினேன்.

அதனால் என்ன ஆயிற்று? எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டால் எண்ணெய் ஒழுங்காக வராது. இன்னொரு துளை போட்டால் நன்றாக வரும். காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் வெளியே வரும். டீசல் டேங்கும் அப்படித்தான். எங்கள் வண்டியில் காற்றுப் போகும் துளை மூடியில் இருந்தது. அதை என் பிளாஸ்டிக் காகிதம் அடைத்துவிட்டது. அதனால் பம்புக்கு டீசல் சரியாகப் போகவில்லை. வண்டி நின்றிருந்தபோது காற்று மெல்ல உள்ளே கசிந்தது. அதனால்தான் மறுபடி ஓடியது.

அன்று நான் கற்றது இதுதான். டேங்கிலிருந்து தொடங்க வேண்டும். செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும். பம்பைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று: டேங்க் மூடி. காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு: தண்ணீர். டீசலை விடத் தண்ணீர் கனமானது. அது அடியில் தங்கும். காலையில், வண்டியை எடுக்கும் முன், டேங்கின் அடித் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாகத் தெரியும்.

மூன்று: காற்று. டேங்கிலிருந்து வரும் குழாயில் சிறு வெடிப்பு இருக்கலாம். அங்கே டீசல் சொட்டாமலும் இருக்கலாம். ஆனால் எஞ்சின் ஓடும்போது காற்றை இழுக்கும். பில்டரில் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்துங்கள். கைப்பம்பை அடியுங்கள். குமிழி வருவது நின்றதும் திருகை இறுக்குங்கள். மறுபடி மறுபடி குமிழி வந்தால் குழாயையும் வாஷரையும் மாற்றுங்கள்.

நான்கு: டீசல் பில்டர். அழுக்கு அடைத்தால் ஏற்றத்தில்தான் முதலில் தெரியும். அங்கேதான் டீசல் அதிகம் தேவை.

ஐந்து: ஏர் பில்டர். வண்டி திணறும்போது கரும்புகை வருகிறதா? எஞ்சினுக்குக் காற்றுப் போதாமல் இருக்கலாம். புகையே வராமல் திணறுகிறதா? டீசல் போதாமல் இருக்கலாம்.

ஆறு: ஆக்ஸிலேட்டர் கம்பி. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் மிதிக்கட்டும். பம்பில் உள்ள லீவர் கடைசி வரை நகர்கிறதா என்று இன்னொருவர் பார்க்கட்டும்.

இந்த ஆறும் சரியாக இருந்தால், பிறகு பம்பையும் நாசிலையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். சக்கரத்துக்குக் கட்டை போடாமல் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். டீசல் அருகே பீடி பற்ற வைக்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது நாசில் குழாயின் அருகே கையை வைக்காதீர்கள். அங்கே வரும் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போகும்.

நான் சொன்னதெல்லாம் பழைய வண்டிகளுக்கு. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதிப்படி லாரிகள் வருகின்றன. அவற்றில் டீசலை அளந்து விடுவது கம்ப்யூட்டர். அவற்றைப் பழகியவர்களிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வண்டியில் ஒரு நோட்டு வையுங்கள். திணறினால் எழுதுங்கள். எந்தத் தேதி? எவ்வளவு பாரம்? ஏற்றமா, சமதளமா? டீசல் போட்ட பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது? புகையின் நிறம் என்ன? எதை மாற்றினீர்கள்? எவ்வளவு கொடுத்தீர்கள்?

அன்று எங்களுக்கு எழுதத் தெரிந்திருந்தால், டேங்க் நிரப்பிய நாளில்தான் வண்டி திணறுகிறது என்று கண்டுபிடித்திருப்போம். அண்ணன் கடன்பட்டிருக்க மாட்டார். நீங்கள் இப்போது எழுதப் படிக்கக் கற்றுவிட்டீர்கள். இன்றைக்கே அந்த நோட்டை வாங்குங்கள். முதல் பக்கத்தில் இந்த ஆறையும் எழுதி வையுங்கள்.