நமது பாராளுமன்றமும் மலைநாட்டு மக்களும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் சமயம் பற்றிப் பேச என்னிலும் வல்லவர்கள் பலர் வந்திருக்கிறார்கள். சங்கச் செயலாளர் என்னிடம் கேட்டது வேறு. "ஐயா, நம் பையன்களுக்கு யார் வென்றார், யார் தோற்றார் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் அந்த 225 பேரும் எந்தக் கணக்கில் அங்கே போய் உட்காருகிறார்கள் என்று கேட்டால் வாய் திறப்பதில்லை. அதைச் சொல்லுங்கள்" என்றார். ஒப்புக்கொண்டேன். கட்சி பேசிவிடுவேனோ என்று முன்வரிசைப் பெரியவர்கள் சற்றுக் கலவரத்தோடு பார்க்கிறார்கள். அஞ்ச வேண்டாம். நான் பேசப் போவது கணக்கு.

சபைக்கு ஆள் தெரியும் முறை நம்மவருக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்துக்கு அணித்தான உத்தரமேரூரிலே, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய உறவினரும் குடத்துக்குள் போக முடியாது. இதைக் கேட்டதும் நீங்கள் கைதட்டுகிறீர்கள். யாரை நினைத்துத் தட்டுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்! ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையிலே கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். அப்படியானால் லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேருடைய ஓலை அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்கும்? ஆகவே பழம்பெருமையைப் பேசும்போது, 'எவர் உள்ளே, எவர் வெளியே' என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்டுப் பழக வேண்டும். இன்று நான் சொல்லப் போவதெல்லாம் அந்த ஒரு கேள்விதான்.

இலங்கையில் 1931-ஆம் ஆண்டு டொனமூர் அரசியல் திட்டத்தின்படி சர்வசன வாக்குரிமை வந்தது. அரசாங்க சபையில் 50 பேர் மக்களால் தெரிவானவர்கள், 8 பேர் நியமனம் பெற்றவர்கள், 3 பேர் அரசாங்க உத்தியோகத்தர்கள். அந்தச் சபைக்கு ஹட்டனிலிருந்து பெரி. சுந்தரமும், தலவாக்கலையிலிருந்து வைத்திலிங்கமும் சென்றார்கள். பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியாகவும் இருந்தார். 1936-இல் ஹட்டன் தொகுதியைக் கோ. நடேசய்யர் வென்றார். துரைமார் தோட்டத்துக்குள் கால் வைக்க விடாத காலத்தில் அவர் எழுதியும் பேசியும், அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் பாடியும் தொழிலாளரைத் தட்டியெழுப்பிய வரலாறு தனியே ஒரு சொற்பொழிவுக்குரியது. எல்லோருக்கும் வாக்கு என்று சொன்னாலும், இந்தியாவிலிருந்து வந்தவர் வழியினர் நிரந்தரமாகத் தங்குவோர் என்று காட்ட வேண்டியிருந்தது. இருந்தும் 1931-இல் சுமார் 1,00,000 ஆக இருந்த நம் வாக்காளர் தொகை 1939-இல் சுமார் 2,25,000 ஆயிற்று. இந்த வளர்ச்சியே சிலருடைய கண்ணை உறுத்தியது.

பின்பு சோல்பரி அரசியல் திட்டம் வந்தது. பிரதிநிதிகள் சபையில் 101 அங்கத்தவர்கள்: தெரிவானவர் 95, மகாதேசாதிபதியின் நியமனம் 6. மேலே 30 பேர் கொண்ட செனற் சபை. தொகுதி பிரித்த முறையை மட்டும் கவனமாகக் கேளுங்கள். மாகாணத்தில் வாழும் ஒவ்வொரு 75,000 பேருக்கும் ஓர் ஆசனம். ஒவ்வொரு 1,000 சதுர மைலுக்கும் மேலும் ஓர் ஆசனம். 75,000 'பேர்' என்றால் தலைகள். வாக்காளர் அல்லர். 1946-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் நம்மவர் சுமார் 7,80,000. நாட்டு மக்களில் நூற்றுக்குப் பன்னிரண்டுக்குச் சற்றுக் குறைவு. மலைநாட்டுக்கு அத்தனை தொகுதிகள் கிடைத்ததற்கு இந்தத் தலைகளும் காரணம்.

1947-இல் தேர்தல் நடந்தது. இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம், மஸ்கெலியாவில் மோத்தா, பதுளையில் சுப்பையா, அளுத்நுவரவில் இராமானுஜம். இவர்களுள் வேலுப்பிள்ளை மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த கவிஞர். தொண்டமானைப் பற்றி இந்த ஊரில் நான் என்ன சொல்வது? வேவண்டன் தோட்டம் இதோ நம் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. 95 பேரில் ஏழு பேர் என்பது நம் தொகைக்கு அதிகமன்று. இன்னும் பல தொகுதிகளில் நம்மவர் வாக்கு இடதுசாரி வேட்பாளருக்குக் கை கொடுத்தது. அதுதான் வினையாயிற்று.

1948-ஆம் ஆண்டு 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்த மண்ணில் பிறந்தவன் என்பது மட்டும் போதாது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும்; அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பத்திரம் என்றால் என்னவென்றே அறியாமல் லயத்தில் பிறந்த பாட்டனுக்கு எதைக் காட்டுவது? அடுத்த ஆண்டு 3-ஆம் இலக்கச் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது. விவாகமானவர் ஏழு ஆண்டும், விவாகமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து வதிந்ததை நிரூபித்தால் பிரஜையாகலாம். அதே 1949-இல் 48-ஆம் இலக்கச் சட்டம், பிரஜையல்லாதவருக்கு வாக்கில்லை என்றது. சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. காலப்போக்கில் ஏற்கப்பட்டவர் சுமார் 1,34,000 பேரே. வழக்கும் ஆடிப் பார்த்தார்கள். 1953-இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் சட்டம் செல்லும் என்று தீர்த்தது. இந்தச் சட்டங்களின் பேரில் தமிழ்த் தலைவர்களே இரண்டு பட்டார்கள். செல்வநாயகம் பிரிந்து வந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

1952 தேர்தலில் என்ன நேர்ந்தது? ஏழு சுழியாயிற்று. அதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. தொகுதிகள் அப்படியே இருந்தன! நம்முடைய தலைகளை எண்ணிப் பிரித்த தொகுதிகள். நம்முடைய கைகளில் வாக்கில்லை. தலவாக்கலை போன்ற இடங்களில் வாக்காளர் தொகை சில ஆயிரமாகச் சுருங்கியது. அந்தச் சில ஆயிரம் பேர் ஒருவரைத் தெரிந்து அனுப்பினார்கள். மற்றத் தொகுதிகளிலோ அதற்குப் பல மடங்கு வாக்காளருக்கு அதே ஒருவர்தான். பிரட்டுக்களத்திலே நம் பெயரைக் கூப்பிட்டு எண்ணிக் கொண்டு, சம்பள நாளிலே செக்ரோலில் வேறொருவர் பெயரை எழுதினால் எப்படியிருக்கும்? அப்படியிருந்தது. அவ்வாண்டு கொழும்பிலே பிரதமரின் காரியாலயத்துக்கு முன் தொடங்கிய சத்தியாக்கிரகம் மாதக்கணக்கில் நடந்தது. சட்டம் அசையவில்லை.

என் தகப்பனார் 1947-இல் முதன்முறையாக வாக்களித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. பின்பு பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தார். நடுவே தங்கையின் கலியாணத்துக்காக இந்தியா போய், நோய் கண்டு ஓராண்டுக்கு மேல் அங்கே தங்கிவிட்டிருந்தார். வதிவு தொடர்ச்சியற்றது என்று சொல்லி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அந்தக் கடுதாசியைத் தகரப் பெட்டியில், கலியாணப் பட்டு வேட்டிக்கு அடியில் வைத்திருந்தார். தேர்தல் வரும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். 1988-ஆம் ஆண்டு 39-ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே அவர் பிரஜையானார். 1989 பெப்ரவரியில் மறுபடியும் வாக்குச் சாவடிக்குப் போனார். இடையே நாற்பத்திரண்டு வருஷம். மை பூசிய விரலை அன்று மாலை முழுவதும் கழுவாமல் வைத்திருந்தார் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அந்த இடைக்காலத்தில் நமக்குக் கிடைத்தது நியமன ஆசனம். தொண்டமான் 1960-இலும் 1965-இலும் நியமன அங்கத்தவரானார். 1970-இல் அஸீஸ் ஆனார். அவர்கள் அங்கே சும்மா இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நியமனம் தருகிறவர் அரசாங்கம். 'வேண்டாம்' என்று சொல்லுகிற உரிமை தேயிலைக் கூடையைச் சுமக்கிறவருக்கு இல்லை. இதனிடையே 1964 அக்டோபர் 30-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பகிர்ந்தார்கள். மனிதரை இப்படிப் பகிர்ந்த மேசையைச் சுற்றி, அம்மனிதர் வாக்கினால் வந்த ஒருவரும் இல்லை. நம் இறம்பொடைப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வீட்டுக் கதைகள் உங்கள் வீடுகளிலேயே இருக்கின்றன. கேட்டுப் பாருங்கள்.

1972-ஆம் ஆண்டுக் குடியரசுத் திட்டத்தில் நியமன ஆசனமும் போயிற்று. 1977-இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியாக அமைந்தது. காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க, தொண்டமான் என மூவர் தெரிவானார்கள். 1947-க்குப் பின் பொதுத் தேர்தலில் தொண்டமான் வென்று போனது அப்போதுதான். 168 பேர் கொண்ட சபையில் அவர் ஒருவர்.

இனி இப்போதைய முறை. 1978-ஆம் ஆண்டு அரசியல் அமைப்பும், 1988-இல் வந்த 14-ஆம் திருத்தமும் சேர்ந்து 225 என்ற தொகையைத் தந்தன. 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து. 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்து. அந்த 196-இல், மாகாணத்துக்கு நான்காக ஒன்பது மாகாணங்களுக்கும் 36. மீதி 160-ஐ மாவட்டங்களுக்குப் பங்கிடுவது எதைக் கொண்டு? பதிவான வாக்காளர் தொகையைக் கொண்டு. பார்த்தீர்களா? 1947-இல் தலைக்கு ஆசனம். இப்போது இடாப்பில் உள்ள பெயருக்கு ஆசனம். யாழ்ப்பாண மாவட்டத்தைப் பாருங்கள். 2010-இல் ஒன்பது பேரை அனுப்பியது, 2015-இல் ஏழு, 2024-இல் ஆறு. அதே 2024-இல் கம்பஹா பதினெட்டிலிருந்து பத்தொன்பதாயிற்று. ஆசனம் மலையில் முளைத்த கல் அல்ல. பெயர் குறைந்தால் நகர்ந்துவிடும்.

நுவரெலியா மாவட்டத்துக்கு இப்போது எட்டு. அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு முதலில் ஒன்று. நூற்றுக்கு ஐந்துக்குக் குறைந்தவர் விலக, மீதி ஏழும் வாக்கு விகிதப்படி. அதன் பின் கட்சிக்குள் யார் என்பதை விருப்பு வாக்குத் தீர்க்கும். ஒருவர் மூன்று பேருக்கு இடலாம். மூன்று வாக்கு இருப்பதை அறியாமல் ஒன்றோடு திரும்பி வருகிறவர்கள் நம் லயங்களில் இன்னும் இருக்கிறார்கள். 2015-இலும் 2020-இலும் இந்த எட்டில் நம்மவர் ஐவர், 2024-இல் நால்வர்.

அந்த 2024 நவம்பர் தேர்தலில் இன்னொன்று நடந்தது. நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும், பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் தெரிவானார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றம் புகுந்தது இதுவே முதல் தடவை. நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி கொழும்பிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றது 1932-இல். கொழுந்து பறிக்கும் கையில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். அவர்களில் ஒருத்தி அங்கே போய்ச் சேர அதன் பின் தொண்ணூற்றிரண்டு வருஷம்! எந்தக் கட்சியில் வந்தார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். தாய்மார் பக்கத்தில் கைதட்டல் பலமாக இருக்கிறது, வாலிபர் பக்கத்தில் அவ்வளவாக இல்லை. அதையும் கவனித்தேன்.

முடிக்கச் சொல்லித் தலைவர் மணியைப் பார்க்கிறார். ஒரு வேண்டுகோள் மட்டும். லபுக்கலையிலிருந்து புசல்லாவை வரை எந்த லயத்துக்குப் போனாலும், கொழும்பிலே கடையில் நிற்கிற பையன் ஒருவன், ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிற பெண் ஒருத்தி உண்டு. அவர்கள் பெயர் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. கிராம உத்தியோகத்தர் படிவம் தரும்போது வீட்டில் எழுதத் தெரிந்தவர் இல்லாமல் போகிறது. நம் சங்கத்தில் எழுதத் தெரிந்த வாலிபர் குறைந்தது நாற்பது பேர் இருக்கிறீர்கள். தோட்டத்துக்கு இருவராகப் பிரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாகப் போனால் வேலை முடிந்துவிடும். என் தகப்பனாரின் தகரப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. நிரப்பிய படிவங்களைச் சேர்த்து வைக்க வேண்டுமானால் அதை எடுத்துக்கொண்டு வருகிறேன்.