தம் பத்தாது, சார்



உடம்பால் என்ன முடியும் என்பது ஒரு கணக்கு. என்ன முடியும் என்று நாம் மனத்தில் வைத்திருப்பது இன்னொரு கணக்கு. இரண்டாவதை அளக்க 1989-இல் ஃபாக்ஸ், கார்பின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு வினாத்தாள் செய்தார்கள். 1994-இல் ஹெர்பர்ட் மார்ஷ் குழுவினர் 70 வாக்கியங்களில் பெரிதாக ஒன்று செய்தார்கள். வலிமை, தாக்குப்பிடிப்பு, தோற்றம் என்று 11 தலைப்புகள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 6 வரை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். பல நாடுகளிலும் சராசரியில் ஆண்கள்தான் தங்களுக்குத் தாராளமாகப் போட்டுக்கொள்கிறார்கள். தன் பேப்பரைத் தானே திருத்தினால் சிலருக்குக் கை இளகத்தானே செய்யும்!

நான் ஓய்வுபெறும் வரை வேலை பார்த்த கல்லூரியில் மார்ஷ் குழுவின் வினாத்தாளைத் தமிழாக்கிக் கொடுத்துவிட்டு, கூடவே ஹார்வர்டு ஸ்டெப் டெஸ்டும் வைத்தேன். 1943-இல் அமெரிக்காவில் வந்த சோதனை. 20 அங்குல உயரப் பலகையில் நிமிடத்துக்கு 30 தடவை, 5 நிமிடம் ஏறி இறங்க வேண்டும். பெண்களுக்கு 16 அங்குலப் பலகை போட்டோம். அந்த 16 அங்குலத்தில் 150 தடவை ஏறினால் 200 அடி. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் 192 அடி. அதன் உச்சிக்குப் போய் இன்னும் 8 அடி மேலே என்று சொல்வேன். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

ஜிம்முக்குப் போகும் ஒரு பையன். சட்டைக்கை தைக்கும் இடத்தில் பிதுங்கும் புஜம். மூன்றாவது நிமிடத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். 'தாக்குப்பிடிப்பு' தலைப்பில் அவன் போட்டிருந்தது 6. கண்ணாடியில் புஜம் தெரியும், நுரையீரல் தெரியுமா?

சத்திரப்பட்டி பக்கத்துப் பெண் ஒருத்தி வரிசையின் கடைசியிலேயே நின்றாள். கூப்பிட்டால், "எனக்குத் தம் பத்தாது, சார்." வினாத்தாளில் அதே தாக்குப்பிடிப்புக்கு 2 போட்டிருந்தாள். ஏறு என்றேன். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஏறினாள். ஐந்து நிமிடமும் விசில் தாளம் தப்பவில்லை. விசாரித்தால், வீட்டில் பேண்டேஜ் துணித் தறி. விடியுமுன் தெருக்குழாயிலிருந்து ஆறு குடம் தண்ணீர். "அது வேலை சார். எக்சர்சைஸா?" என்றாள். மார்ஷின் 70 வாக்கியத்திலும் குடம் கிடையாது. இருந்திருந்தால் நம்மூர்ப் பெண்கள் எத்தனை போட்டிருப்பார்களோ.

இந்தத் 'தம் பத்தாது' அவள் சொந்தமாகக் கண்டுபிடித்ததா? 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் சுருண்டு விழுந்ததாகப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. பெண்ணுடம்பு தாங்காது என்று அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தது 1960-இல், ரோமில். ஆண்கள் ஓடி முடித்து விழுந்தால் அதற்குப் பெயர் உயிரைக் கொடுத்து ஓடினான்.

ஒன்றை மறைக்கக்கூடாது. உண்மையாகவே மூச்சு வாங்கி உட்கார்ந்த பெண்களும் இருந்தார்கள். அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். சிலருக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9, 10 என்று வந்தது. 12 இருக்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் தேவைப்படுகிற இடத்தில், "நான் சோம்பேறி சார்" என்று ஒரு பிள்ளை தன்னையே திட்டிக்கொண்டு நிற்கிறாள்.

ரத்தம் மட்டுமல்ல, ஓடிப் பழக நேரமும் இடமும் வேண்டும். தேவதானத்துச் சாஸ்தா கோவில் ஆற்றுப் பாதையில் சாயங்காலம் நடந்து பாருங்கள். பையன்கள் ஓடுவார்கள். மைதானமும் அவர்களுடையது, அந்த நேரமும் அவர்களுடையது. பெண்பிள்ளைக்கு அந்நேரம் அடுப்படி இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, "இருட்டிருச்சு, எங்க போற?" இருக்கிறது.

அந்தச் சத்திரப்பட்டிப் பெண்ணுக்கு மறுவாரம் அதே வினாத்தாளை மறுபடி கொடுத்தேன். கோபுரம் ஏறி இறங்கியவள், ஒரு 5 ஆவது போடுவாள் என்று நினைத்தேன். தாக்குப்பிடிப்புக்கு நேரே பேனாவைக் கொண்டுபோய்க் கொஞ்சம் யோசித்தாள். மறுபடியும் 2.

"ஏம்மா, அன்றைக்கு முழுசும் ஏறினாயே?"

"அன்னைக்கு ஏதோ முடிஞ்சிருச்சு, சார்."