போடாத வீட்டோ

இந்த எபிசோடை சிலமலையில, எங்க வீட்டு மாடியில இருந்து பேசுறேன். பின்னாடி ஜீப் சத்தம் கேட்டா, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போறாங்கன்னு புரிஞ்சுக்கோங்க.

2009 மே மாசம், ஸ்கூல் லீவு. டீக்கடையில முள்ளிவாய்க்கால் பத்தித்தான் பேச்சு. "ஐ.நா.காரய்ங்க சும்மா விட்ருவாய்ங்களா?"ன்னு ஒரு தாத்தா கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கு.

சீனாவோ ரஷ்யாவோ வீட்டோ போட்டுத் தடுத்திருக்கும்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். தேடிப் பார்த்தா, அந்தப் போருக்காகப் பாதுகாப்புச் சபையில ஒரு வீட்டோகூடப் பதிவாகல. தீர்மானமே ஓட்டுக்கு வரலையே! இலங்கை நிகழ்ச்சி நிரல்லயே ஏறல. அதிகாரப்பூர்வமில்லாத கூட்டங்கள்ல பேசினதோட சரி.

எங்க வேலையிலயும் இது நடக்கும். ஒரு சீனியர் எப்படியும் ரிஜெக்ட் பண்ணுவார்னு தெரிஞ்சா, அந்தக் கோடை ரிவ்யூவுக்கே அனுப்ப மாட்டோம். பதிவைப் பார்த்தா, அவர் எதையுமே தடுக்கல!

ஆனா ஒரு வழி இருந்துச்சு. ஐ.நா. சாசனத்தோட 27ஆவது பிரிவுப்படி, நடைமுறை விஷயங்களுக்கு 15ல 9 ஓட்டு போதும், வீட்டோ செல்லாது. ஒரு பிரச்சினையை நிகழ்ச்சி நிரல்ல சேர்க்கிறது இந்த வகைதான். 2006 செப்டம்பர்ல சீனாவும் ரஷ்யாவும் எதிர்த்தும், 10 ஓட்டுல மியான்மரைச் சேர்த்தாங்க. 2007 ஜனவரியில தீர்மானம் வந்தப்போ ரெண்டு நாடும் வீட்டோ போட்டுச்சு. தோல்விதான். ஆனா யார் தடுத்தாங்கன்னு உலகத்துக்கே தெரியும்.

வீட்டோவை ஒழிக்கணும்னா சாசனத்தைத் திருத்தணும். அதுக்கு அந்த அஞ்சு நாடுகளும் சம்மதிக்கணும். அதனால சின்னச் சின்ன சீர்திருத்தம்தான் நடக்குது. 2022 ஏப்ரல்ல ஒண்ணு வந்துச்சு: யாராவது வீட்டோ போட்டா, 10 வேலை நாளுக்குள்ள பொதுச்சபை கூடி விவாதிக்கணும். நல்லதுதான். ஆனா அது போட்ட வீட்டோவுக்கு மட்டும். போடாமலே வாயடைக்கிற வீட்டோவை அது தொடாது.

எல்லாப் பழியும் வீட்டோ மேல இல்ல. வீட்டோவே கிடையாத மனித உரிமைப் பேரவையில, 2009 மே 27 அன்னைக்கு இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29 ஓட்டுல நிறைவேறுச்சு. அந்த 29ல இந்தியாவும் ஒண்ணு.

இந்தியாவுக்கு நிரந்தர இடம் வேணும்னு நாம எல்லாரும் பேசுறோம். கிடைச்சா, தோத்தாலும் பரவாயில்லன்னு ஓட்டுக்கு விடச் சொல்லி முதல்ல கை தூக்குவோமா? அந்தத் தாத்தாவுக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்ல. உங்ககிட்ட இருந்தா சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.